மனசு இளகுறவங்க வெளியே போங்க

மலைக்கு இப்பக்கம்
14 செப்டம்பர் 1998

அன்புத் தங்கை சாஃப்தாவுக்கு,

கவ்ரில் எழுதுகிறேன். நானே எழுதுகிறேன், இந்தக் கையால். இங்கே நானும் என் முழங்கால்களும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே உன் உடம்பும் உன் ஜெபமும் எப்படி?

மடத்தில் உன்னைச் செராஃபிமா அம்மா என்று கூப்பிடுகிறார்கள், தெரியும். அந்தப் பெயரை இந்த ஒருமுறை எழுதவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆகவே சாஃப்தா.

நடந்தது இதுதான். தபால்காரி அக்லாயாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஈஸ்டருக்கு முன்னால் உன் கடிதத்தைக் கொண்டுவந்தாள். வழக்கம்போல் படிக்கச் சொன்னேன். அவள் பையை என் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“கவ்ரிலண்ணே, இத்தனை வருஷமா உங்க தங்கச்சி கடுதாசிய நானே படிச்சு நானே அழுவுறேன். இனிமே நீங்களே படிங்க, நீங்களே அழுவுங்க” என்றாள். அன்றைக்கே முதல் எழுத்தைப் போட்டுக் காட்டினாள்.

சிறு வயதில் எழுத்துச் சொல்லித்தர அரசாங்க ஆட்கள் வந்தபோது நான் ஆடுகளோடு மலைமேல் ஓடிவிட்டேன். எதைவிட்டு ஓடினேன் என்று இப்போதுதான் தெரிகிறது. உப்புப் பொட்டலத்தில் ‘ருமேனியாவில் தயாரித்தது’ என்று இருக்கிறது. இத்தனை நாளும் அது சும்மா உப்பு. கல்லறைக்குப் போனேன். சிலுவையில் ‘கசாந்த்ரா’ என்று இருந்தது. என் மனைவி இவ்வளவு காலம் அங்கிருந்து தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் தொப்பியை எடுத்துவிட்டுச் சும்மா நின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்குக் கார்னே வந்துவிட்டது, சாஃப்தா! எழுபத்திரண்டு வயதில் கார்னே!

இனி நமக்கு நடுவில் அக்லாயா இல்லை. எதை வேண்டுமானாலும் எழுது.

உன் விளக்கில் என் பெயருக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடு.
அண்ணன் கவ்ரில்


மடம்
6 அக்டோபர் 1998

என் அண்ணா,

கடவுளின் அமைதி உன் வாசலுக்கு வரட்டும். உன் கடிதத்தை மார்போடு வைத்துக்கொண்டு ஜெபத்துக்குப் போனேன். தலைமை அம்மா பார்த்துவிட்டார். காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் மெழுகுவத்தி அணைந்துவிட்டது.

ஏன் தெரியுமா? கார்தே என்றால் எழுத்து, புத்தகம், படிப்பு. அதில் கடைசிக்கு முந்தின எழுத்துக்குத் தலையில் குறுக்காக ஒரு கோடு வேண்டும். நீ அந்த இடத்தில் இரண்டு மேடு போட்டிருக்கிறாய். அது கார்னே. இறைச்சி. ‘எனக்கு இறைச்சி வந்துவிட்டது’ என்று ஒரு கன்னிமடத்துக்கு எழுதியிருக்கிறாய். ஊருக்கே பன்றி அறுக்கிறவனுக்கு இறைச்சி வருவதற்கு எழுபத்திரண்டு வயதா ஆக வேண்டும்?

கோபித்துக்கொள்ளாதே. இப்படி நான் சிரித்து எத்தனையோ காலம் ஆயிற்று.

நான் நலம். கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான். கிணற்றிலிருந்து தண்ணீரை இப்போது வேறொரு சகோதரி எடுத்துவந்து தருகிறாள். உன் பன்றி எப்படி வளர்கிறது? உன் மகன் வியோரெல் இத்தாலியிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வருவானா?

உன் முழங்கால்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்
சாஃப்தா


மலைக்கு இப்பக்கம்
25 அக்டோபர் 1998

அன்புத் தங்கை சாஃப்தாவுக்கு,

உன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும் அந்தச் சகோதரிக்கு என் வணக்கம். இங்கே குறை ஒன்றும் இல்லை. அக்லாயாவிடம் கார்னே விஷயத்தைச் சொன்னேன். அவள் அதை ஒவ்வொரு வீட்டிலும் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள். ரொட்டி வாங்கப் போனால், “இறைச்சி படிச்சவரு வர்றாரு, வழி விடுங்க” என்கிறார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

வியோரெல் வருகிறான். பன்றி நன்றாக இருக்கிறது. அதைப்பற்றித்தான் எழுதப்போகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

நான் எழுதிப் பழகுவது தொழுவத்துக்கு முன்னால் இருக்கும் ஈரமண்ணில். ஒரு குச்சி போதும். குச்சி மண்ணில் கீறும் சத்தம் கேட்டால் பன்றி வேலிக்கு வந்துவிடும். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து நான் முடிக்கும்வரை பார்க்கும். நேற்று வேலியைத் திறந்து விட்டேன். எழுத்துக்குப் பக்கத்தில் வந்து மூக்கை வைத்தது. எழுத்தை அழிக்கவில்லை. சுற்றி மோந்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அதன் இமைமயிர் வெள்ளை, சாஃப்தா. என்னுடையது போலவே. கண்ணுக்குள் நான் சின்னதாக, தொப்பியோடு, கையில் குச்சியோடு நின்றுகொண்டிருந்தேன்.

நான் உட்கார்ந்துவிட்டேன். முழங்காலால் அல்ல.

எத்தனை வீட்டு முற்றங்களில் எத்தனை பன்றிகள்! எல்லாவற்றையும் நான் கழுத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். புத்தகத்தைக் கடைசிப் பக்கத்தில் திறந்து, அதோடு மூடி வைத்த மாதிரி. முதல் பக்கத்தில் இவ்வளவு இருக்கிறது என்று யார் கண்டது? அது தூங்கும் இடத்தை அதுவே சுத்தமாக வைத்துக்கொள்கிறது. என் நடையும் பக்கத்துவீட்டு சாந்துவின் நடையும் அதற்கு வேறு வேறு.

அந்தச் சாந்து நேற்று வேலிக்கு மேலாக எட்டிப்பார்த்து, “கிறிஸ்துமஸுக்கு முன்னால ஊரே பன்றி அறுக்குற இக்னாட் அன்னிக்கு உங்க வீட்டத முடிச்சிட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்துடுங்கண்ணே. போன வருஷம் மாதிரி வழியில சாராயத்துக்கு உக்காந்துடாதீங்க” என்றான். வருகிறேன் என்றேன். அறுப்புக்கு முன்னால் நான் போடும் சத்தத்தைக்கூட ஒருமுறை போட்டுக் காட்டினான்: “மனசு இளகுறவங்க வெளியே போங்க!” என் குரல் அப்படியே வருகிறது அவனுக்கு.

பன்றி கேட்டுக்கொண்டிருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்ல ஆசை. உன் உடம்பு என்ன சொல்கிறது என்று நீதான் எழுதவில்லை.
அண்ணன் கவ்ரில்


மடம்
17 நவம்பர் 1998

அண்ணா,

கடவுள் உன்னைக் காக்கட்டும். படுக்கையில் தலையணையில் சாய்ந்து எழுதுகிறேன், கொஞ்சம்தான் எழுதுவேன்.

நகரத்து மருத்துவர் வந்தார். எனக்குக் கார்னே எழுதிக் கொடுத்திருக்கிறார். தினமும் சிறிதளவு, நோன்பானாலும். தலைமை அம்மாவும் ஆசி கொடுத்துவிட்டார். எனக்கு வேண்டாம். அதற்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறதே. வாயருகே கொண்டுபோனால் அழுகை வருகிறது. எடுத்துக்கொள்ளாவிட்டால் குளிர்காலம் தாண்ட மாட்டேன் என்கிறார்கள். எல்லோரும் பயப்படுகிறார்கள்.

நீ சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.
சாஃப்தா


மலைக்கு இப்பக்கம்
24 நவம்பர் 1998

அன்புத் தங்கை சாஃப்தாவுக்கு,

இங்கே பனி விழுந்துவிட்டது, அடுப்பு நலம், நானும் நலம். உன் கடிதம் கண்டு முதலில் பயந்தேன். பிறகு சிரித்தேன். கார்னேயாம்! என் தப்பை எனக்கே திருப்பித் தருகிறாயா? மருத்துவர் இறைச்சி எழுதிக் கொடுத்தாராம், கன்னிமடத்தில், நோன்பு நாளில்! நீ கார்தேயைத்தான் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? சும்மா படுத்துக் கிடந்தால் மனம் வாடி, குளிர்காலம் தாண்டாது என்று புத்தகம் கொடுத்திருக்கிறார். எப்பேர்ப்பட்ட மருத்துவர்! அவர் கையை நான் முத்தமிட வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லாதே. எனக்கும் முதலில் வாயில் நிற்கவில்லை. இந்த வயதில் புதிதாக எதுவும் சட்டென்று இறங்காது. அள்ளிப்போட்டுக்கொள்ளாதே. சின்னத் துண்டாக எடு. மெல்லு. மெதுவாகும்வரை மெல்லு. பிறகு விழுங்கு. ஒரு நாளைக்கு அவ்வளவு போதும்.

பின்னால் ஓர் உயிர் இருக்கிறது என்கிறாய். ஆமாம். நானும் அதைத்தான் நினைத்து வியக்கிறேன். யாரோ ஒருவர் தன் நாட்களையெல்லாம் இதற்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் இனி வரப்போவதில்லை. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வரப்போவதில்லை. அவர் விட்டுப்போனது உன் முன்னால் இருக்கிறது. கண்ணை மூடி, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லு. ‘நீ யாரோ, உன்னால் நான் இன்றைக்கு எழுந்திருக்கிறேன்’ என்று. பிறகு எடுத்துக்கொள். அழுகை வந்தால் வரட்டும். அழுதுகொண்டே எடுத்துக்கொண்டால் இன்னும் ஆழமாக இறங்கும். நோன்பு கெடாது. முடிந்ததும் பக்கத்தைப் புரட்டு.

பன்றி இப்போது என் கைவிரலைத் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டு கடிக்காமல் நிற்கிறது. அதைப்பற்றி இன்று வேண்டாம்.

உன் தலையணைப் பக்கம் ஒரு விளக்கு வைக்கச் சொல்லு.
அண்ணன் கவ்ரில்


மடம்
5 டிசம்பர் 1998

என் அண்ணா,

அமைதியும் நன்றியும். உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். தலையணை இல்லாமல்.

நீ சொன்னபடியே செய்தேன். சின்னத் துண்டு. மென்றேன். கண்ணை மூடி அதனிடம் ஒரு வார்த்தை சொன்னேன். கீழ்க் கிராமத்து அம்மா ஒருத்தி தன் கோழியைத் தந்தாள். மடத்துக்கு அவள் முட்டை கொண்டுவரும்போது பின்னாலேயே ஓடிவரும் கோழி அது, கழுத்தில் மயிர் இல்லாதது. எனக்கு அதைத் தெரியும். அதன் சூப்பைத்தான் குடித்தேன். அழுதுகொண்டேதான். ஒரு வாரம்கூட ஆகவில்லை, கால் தரையில் நிற்கிறது.

இனி ஒன்று கேட்க வேண்டும். அக்லாயா படிப்பாள் என்று இவ்வளவு காலம் கேட்கவில்லை.

நம் வீட்டு இக்னாட் நாள் நினைவிருக்கிறதா? அப்பா கத்தி பிடிப்பார். நீ பின்காலைப் பிடிப்பாய். மனசு இளகுறவங்க வெளியே போங்க என்று அப்பா சத்தம் போட்டதும் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். வாசலுக்கு வெளியே அக்ரூட் மரத்தடியில் போய் நிற்பேன். காதைப் பொத்திக்கொள்வேன். அப்போதும் கேட்கும். அந்தக் கடைசி வருடம் எவ்வளவு நேரம் கத்தியது, அண்ணா! அம்மா வெளியே வந்து சொன்னாள்: “அங்க நின்னும் இரக்கப்படுறியாடி? உன்னாலதான் அதுக்கு உசுரு போவ மாட்டேங்குது. விட்டுடுடி.”

விடப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அதை வெறுக்கப் பார்த்தேன். முடியவில்லை. என் இரக்கத்தால் ஓர் உயிர் அதிகமாக வலிபட்டது. அடுத்த இக்னாட் வருவதற்குள் இங்கே வந்துவிட்டேன். பன்றி இல்லாத இடமாகப் பார்த்து வந்தேன். எல்லோரும் கடவுள் கூப்பிட்டார் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

அப்பாவுக்குப் பிறகு நீ கத்தி பிடித்தாய். உனக்குத் தெரிந்திருக்கும். அது உண்மையா?

பதில் எதுவானாலும் எழுது.
சாஃப்தா


மலைக்கு இப்பக்கம்
13 டிசம்பர் 1998

சாஃப்தா,

நான் நலமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ நலம் என்று படித்தேன், அது போதும்.

கோழி என்று எழுதியிருந்தாய். சூப் என்று எழுதியிருந்தாய். உன் முந்தைய கடிதத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தேன். கார்னே. இரண்டு மேடு. குறுக்குக் கோடு இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் இல்லை. நான் புத்தகத்தைப்பற்றி எழுதினேன், தங்கச்சி! நீ உயிரா சாவா என்று கேட்டாய். நான் புத்தகம் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கு முழுவதும் கதவைத் திறக்கவில்லை. பன்றிக்குத் தீனி வைக்க மட்டும் போனேன். பிறகு மெதுவாக ஒன்று தோன்றியது. நீ இறைச்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய் என்று தெரிந்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்? ‘சாப்பிடு, ஒன்றும் ஆகாது, எல்லோரும் சாப்பிடுகிறோம்’ என்று எழுதியிருப்பேன். நீ தட்டைத் தள்ளியிருப்பாய். வேறொரு கேள்விக்கு நான் தந்த பதில் மலையைத் தாண்டி, உன் கேள்வியைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. எழுத்தைக் கண்டு எனக்கு முன்பு சந்தோஷமாக இருந்தது. இப்போது கோவிலுக்குள் நுழைகிற மாதிரி இருக்கிறது. தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இனி உன் கேள்வி. இதை நான் தப்பாகப் படிக்கவில்லை. ஏழு முறை படித்தேன்.

உண்மை இல்லை.

இறுகிய மனிதர்கள் மட்டுமே நின்ற முற்றங்களில் பன்றி நெடுநேரம் கத்தியிருக்கிறது. ஒரு வீட்டில் குழந்தைகள் எல்லாம் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு தேம்பினார்கள். அங்கே ஒரு மூச்சில் போய்விட்டது. கத்தி எந்த இடத்தில் நுழைகிறது, பிடிக்கிறவன் எப்படிப் பிடிக்கிறான், அவ்வளவுதான். இரக்கம் கத்தியைத் தொடுவதே இல்லை. நீ மரத்தடியில் நின்று எதையும் நீட்டவில்லை, எதையும் வலிக்கச் செய்யவில்லை.

பிறகு ஏன் வெளியே போகச் சொல்கிறோம்? நானே எத்தனை முற்றத்தில் அந்தச் சத்தம் போட்டிருக்கிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை. இந்த வாரம் யோசித்தேன். அது பன்றிக்காக இல்லை. இளகிய முகம் ஒன்று எதிரே நின்றால், கத்தி பிடித்தவன் நிமிர்ந்து அதைப் பார்த்துவிடுவான்.

வியோரெல் வந்துவிட்டான். கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறான். இக்னாட் நாளுக்கு ஒரு வாரம். நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ சூப்பை நிறுத்திவிடாதே. என் மேல் ஆணை.
கவ்ரில்


மலைக்கு இப்பக்கம்
22 டிசம்பர் 1998

அன்புத் தங்கை சாஃப்தாவுக்கு,

நான் நலம். பன்றியும் நலம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நீ பயந்துகொண்டே படிக்க வேண்டாம்.

இக்னாட் காலையில் நல்ல பனி. அறுத்தபின் மயிரைப் பொசுக்க வியோரெல் வைக்கோலைக் கொண்டுவந்து போட்டான். சாந்துவும் அவன் மைத்துனனும் கயிற்றோடு வந்தார்கள். ஆளுக்கு ஒரு வாய் பிளம் சாராயம். முந்தின இரவு பன்றி தன் கத்தியைக் கனவில் காணும் என்பார்களே, அதைச் சாந்து சொல்லிச் சிரித்தான். நான் கத்தியை வாங்கிக்கொண்டேன். இல்லை என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். கைக்கு அது தெரியவில்லை. கை தானாக வாங்கிக்கொண்டது.

தொழுவத்தைத் திறந்தார்கள். கயிறு போட அவசியமே வரவில்லை. என் நடையைக் கேட்டு அதுவே வந்தது. பனியில் அது நடந்த சத்தம் குச்சி கீறுகிற சத்தம்போல இருந்தது. என் முன்னால் வந்து நின்றது. குனிந்து பனியைப் பார்த்தது. எழுத்து எங்கே என்று தேடுகிறது, சாஃப்தா.

எல்லோரும் என் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். போட்டேன். வழக்கம்போலத் தொண்டை கிழியப் போட்டேன்.

“மனசு இளகுறவங்க வெளியே போங்க!”

யாரும் அசையவில்லை. எந்த வருடம்தான் அசைந்தார்கள்? நான் கத்தியைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

“அப்பா, எங்க போறீங்க?” என்று வியோரெல் கூப்பிட்டான்.

“நீதான் கேட்டியேப்பா. வெளியே போகச் சொன்னாங்கல்ல” என்றேன்.

அக்ரூட் மரத்தடியில் போய் நின்றேன். காதைப் பொத்திக்கொள்ளவில்லை. உனக்காகக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கத்தலுக்காகக் காத்திருந்தேன். பனி விழும் சத்தம்தான் கேட்டது. கிளைகளுக்கு நடுவே வானம் தெரிந்தது. ஒரு சிறு பெண் நின்ற இடத்தில் நான் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் நம் வீடு எவ்வளவு சிறியது!

கொஞ்ச நேரத்தில் சாந்து வந்தான். “ஏண்ணே, இப்படியா எல்லார் முன்னாடியும்? உங்க மூஞ்சிய பாத்துட்டு எவனுக்குக் கை வரும்? என் மச்சான் பேய் பாத்த மாதிரி நிக்கிறான்” என்றான். பிறகு அவனும் பக்கத்தில் நின்று புகைபிடித்தான். அவன் மைத்துனன் வந்தான். கடைசியில் வியோரெல் வந்தான், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

“ஊரே சிரிக்கும்ப்பா. கத்திக்காரரு பன்றிக்குப் பயந்து ஓடிட்டாருன்னு.”

“சிரிக்கட்டும். இறைச்சி படிச்சவருன்னு ஏற்கெனவே சிரிக்கிறாங்க.”

அப்போது அக்லாயா தபாலோடு வந்தாள். வேலிக்குமேல் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன இது, ஆம்பளைங்க எல்லாம் தெருவுல நிக்கிறீங்க, முத்தத்துல பன்றி மட்டும் இருக்குது?” என்றாள். திரும்பிப் பார்த்தோம். தன்னைச் சுட வைத்திருந்த வைக்கோலில் அது படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வியோரெலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான்.

மறுநாள் சாந்து வீட்டுக்கு அடுத்த ஊர்க்காரன் வந்து அறுத்தான். நான் தடுக்கவில்லை. பாவம் என்று யார் காதிலும் ஓதவில்லை. ஊர் முழுக்க என் கையால் தின்றிருக்கிறது. கசாந்த்ரா தின்றாள், என் மகன் தின்று வளர்ந்தான். அவர்கள் தலைமேல் அந்தச் சொல்லை நான் எழுத மாட்டேன். இன்று வியோரெல் நகரத்திலிருந்து காகிதத்தில் சுற்றி இறைச்சி வாங்கிவந்தான். கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு அது. எனக்குச் சோளக்களியும் பீன்ஸும். மேசை ஒன்றுதான்.

உனக்குக் கோழி கொடுத்த அம்மாவுக்கு என் வணக்கம். கோழிக்கும்.
அண்ணன் கவ்ரில்


மடம்
11 ஜனவரி 1999

என் அண்ணா,

பிறந்தவரின் மகிழ்ச்சி உன் வீட்டிலும் தொழுவத்திலும் நிறையட்டும். நான் ஜெபத்துக்குத் தனியாக நடந்து போய்வருகிறேன். சூப் இன்னும் வாரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடி அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிறேன். இன்னும் பழகவில்லை. பழகக் கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்றை உன்னிடம் மறைத்தேன். நீ தப்பாகப் படித்துவிட்டாய் என்று எனக்கு அப்போதே தெரியும். ‘பக்கத்தைப் புரட்டு’ என்று எழுதியிருந்தாயே. சூப்பில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது? படுக்கையிலேயே சிரித்தேன். சிரித்த வாயில் முதல் கரண்டியை வைத்துவிட்டேன்.

இக்னாட் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. பனியில் நீ மரத்தடிக்கு நடந்து போகும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மடத்துக்கு வந்துவிட்டேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். இத்தனை வருடமும் நான் அந்த மரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தேன், அண்ணா. நீ வந்துவிட்டாய். நான் இனி வீட்டுக்குள் போகலாம்.

சாஃப்தா